துடைப்பக் கம்பைப் பிடித்தவள்

எவேலியோ தபாரெஸ் இன்றைக்கு எங்கெல்லாம் போனார் என்று எங்கள் பெனியால்தா ஊரில் யாரும் அவரைக் கேட்க வேண்டியதில்லை. தெருவைப் பார்த்தால் போதும். அவருடைய பழைய யமஹா பைக்கின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய் இரண்டும் ஒழுகின. ரொட்டிக் கடை வாசலில் இரண்டு பொட்டு எண்ணெய், மருந்துக் கடை வாசலில் இரண்டு பொட்டு, கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பொட்டு. பிரேக் பிடித்தால் வண்டி முழங்காலை மடக்கிய கழுதை மாதிரிக் குனியும், விட்டால் துள்ளி எழும். ஒருமுறை சந்தை மேட்டில் ஏறி இறங்கியபோது அவருடைய பொய்ப்பல் செட்டு வாயைவிட்டுப் பறந்து, எதிரே வந்த பால்காரன் கேனுக்குள் விழுந்துவிட்டதாகவும், அந்த வாரம் ஊரில் செய்த பாலாடைக்கட்டி எல்லாம் வெட்ட வெட்டச் சிரித்ததாகவும் பக்கத்து வீட்டு மிசாயேல் சொல்வார். பல் பறந்தது மட்டும் உண்மை.

எவேலியோ வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் முப்பது வருடம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். மீட்டர் எப்போதும் கொல்லைப்புறத்தில்தான் இருக்கும். கொல்லைக்குப் போக அடுப்படியைத் தாண்ட வேண்டும். அடுப்படியைத் தாண்டுகிற மனிதனுக்குக் காப்பி கொடுக்காமல் விட்டால் எங்கள் ஊரில் அந்த வீட்டுக்கு மரியாதை கிடையாது. மத்தியானம் வீடு திரும்பும்போது அவர் குடித்த காப்பிக்கு மீசை ஒவ்வொரு முடியாக எழுந்து நிற்கும். இப்போது மீட்டரையெல்லாம் வாசல் சுவரில் மாட்டிவிட்டார்கள். ஒரு பையன் நடந்துகொண்டே போனில் படம் பிடித்துக்கொண்டு போகிறான். அவனுக்கும் காப்பி இல்லை, எவேலியோவுக்கும் காப்பி இல்லை.

வீட்டில் தங்கை தெயானிரா இருந்தவரைக்கும் இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பேருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எல்லா வயதையும் தாண்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் அவள் சந்தையில் பப்பாளியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மனைவியை இழந்த லாரிக்காரர் ஒருவர் அதே பப்பாளியை மறுபக்கம் அழுத்தினார். இரண்டு மாதத்தில் அவளையும் ஒரு கூடைப் பப்பாளியையும் ஏற்றிக்கொண்டு தெற்கே பாஸ்தோவுக்குப் போய்விட்டார்.

அவள் போன பிறகு வந்த முதல் கார்மேல் மாதா திருவிழாவுக்கு எவேலியோ போகவில்லை. ஓட்டுநர்களுக்கெல்லாம் கார்மேல் மாதாதான் காவல். அன்றைக்கு லாரி, ஜீப், பைக் எல்லாம் பலூனும் பூவுமாகக் கோவிலைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டு வரும், பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். இது எல்லா ஊரிலும் உண்டு. பெனியால்தாவில் மட்டும் கூடுதலாக ஒரு கட்டுப்பாடு: பைக்கின் பின்சீட் காலியாக இருக்கக்கூடாது. காலியாக விட்டால் சாத்தான் ஏறிக்கொண்டு வருடம் முழுக்க இறங்கமாட்டானாம். பெண்டாட்டி இல்லாதவன் அம்மாவை உட்கார வைப்பான். அம்மா இல்லாதவன் மாமியாரை. மிசாயேலின் சித்தப்பா ஒரு வருடம் ரிப்பன் கட்டிய பன்றியை உட்கார வைத்து வந்தார். அது அவரைவிட நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததாகப் பேச்சு. எவேலியோவின் பின்சீட்டில் எப்போதும் தெயானிராதான். அவள் இல்லாத அந்த வருடம் அவர் வீட்டில் உட்கார்ந்து, சுவருக்கு மேலே பலூன்கள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது வந்து "என்னய்யா வரலை?" என்று கேட்பார்கள், ஜலதோஷம் என்று சொல்லிவிடலாம் என்று கைக்குட்டைகூடத் தயாராக வைத்திருந்தார். ஒருவரும் கேட்கவில்லை. அவர் வரவில்லை என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை.

ஆகவே இந்த வருடம் போயே தீருவது என்று முடிவு செய்தார். பின்சீட்டுக்கு ஒரு மூட்டை சோளத்தைக் கட்டிக்கொள்ளலாம், மாதா கோபித்துக்கொள்ள மாட்டாள். ஆனால் கோவில் முற்றத்துக்குப் புதிதாகக் கல் பதித்திருந்தார்கள், எண்ணெய் ஒழுகும் வண்டிக்கு உள்ளே இடமில்லை என்று கோவில்பிள்ளை வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ரொட்டிக் கடையில் எல்லார் முன்னாலும் மிசாயேலும் ஆரம்பித்தார்.

"யோவ் எவேலியோ, அந்த வண்டிய ஏன்யா இன்னும் கட்டி அழுவுற? பழைய இரும்புக்குப் போடு. போற வழியெல்லாம் மூத்திரம் போவுது, கெழட்டு நாய் மாதிரி."

"ஒன் ஜீப்பு மட்டும் என்ன, குமரியா?"

"ஜீப்புக்கு நான் இருக்கேன், எம் பொண்டாட்டி இருக்கா, மச்சான் இருக்கான், தள்ளிவிட ஆளு இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா?"

மிசாயேல் ஜீப் ஓட்டுகிறவர். வாயில் வருவதைக் கியர் மாற்றாமல் பேசிவிடுவார், மனதில் ஒன்றும் இருக்காது. ஆனாலும் அந்தக் கடைசிக் கேள்வி எவேலியோவோடு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை வண்டியின் வயிற்றுக்கடியில் பியர் பெட்டியைக் கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரம், மட்கார்டு, பிரேக் கேபிள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றன. ஃபோர்க்குகளை உருவி, மேல்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, பழைய தகர டப்பாவில் கவிழ்த்தார். வந்ததை எண்ணெய் என்று சொன்னால் எண்ணெய் மானநஷ்ட வழக்குப் போடும். தார் மாதிரிக் கறுப்பு, செத்த மீனின் நாற்றம். கொல்லையில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து அடுத்த வீட்டுக்குப் போய்விட்டன.

இனிமேல்தான் வினை. ஃபோர்க்கின் அடியில் ஒரு போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால்தான் உள்குழாய் வெளியே வரும், உள்குழாய் வந்தால்தான் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை, ஆயில் சீலை, மாற்ற முடியும். அந்த போல்ட் கவ்விக்கொண்டிருப்பது குழாய்க்குள்ளே ஆழத்தில் நிற்கும் ஒரு தண்டை. போல்ட்டைத் திருப்பினால் தண்டும் கூடவே சுற்றும், நாள் முழுக்கத் திருப்பலாம், கழலாது. பெரிய பட்டறைகளில் இதற்கென்று நீளக் கருவி வைத்திருப்பார்களாம். எங்கள் ஊரில் துடைப்பக் கம்புதான். நுனியைக் கேரட் மாதிரிச் சீவி, மேலேயிருந்து உள்ளே விட்டு, தண்டின் தலையிலுள்ள ஓட்டையில் அறைந்து இறுக்க வேண்டும். ஒருவர் கம்பை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அடியில் ஸ்பானர் சாவி போட்டுத் திருக வேண்டும்.

அதாவது, இரண்டு பேர் வேண்டும்.

இத்தனை வருடமும் கம்பைப் பிடித்தது தெயானிரா. அவள் பிடித்தால் பூமியே சுற்றாமல் நிற்கும். பிடித்துக்கொண்டே அடுப்பில் சூப்பு தீய்கிறது என்று திட்டுவாள், பக்கத்து வீட்டுச் சங்கதியெல்லாம் சொல்வாள், சங்கதி முடிவதற்குள் போல்ட் கழன்றுவிடும். மிசாயேலைக் கூப்பிட்டிருக்கலாம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார், விசில் அடித்துக்கொண்டு ஜீப் கழுவுகிற சத்தம்கூடக் கேட்டது. எவேலியோ சுவரருகே போய் ஒரு தடவை தொண்டையைக் கனைத்தார். பிறகு திரும்பி வந்துவிட்டார்.

முதலில் கம்பைத் துணி காயப்போடும் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார். சாவியைத் திருகியதும் ஜன்னல் கூடவே வந்தது. அடுத்து கம்பை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டார். கம்பு வழுக்கி, உருவி, கூரையில் ஒரு ஓட்டைத் திறந்துவிட்டு, வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. கடைசியில் அடுப்படிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் குறுகல் சந்தில் மல்லாந்து படுத்தார். கம்பின் மறுமுனையைக் கோணித் துணியால் சுற்றி ஒரு சுவரில் முட்டுக்கொடுத்து, ஃபோர்க்கை நெஞ்சோடு அணைத்து, இரண்டு காலாலும் எதிர்ச்சுவரை உதைத்துக்கொண்டு, ஒரு கையால் சாவியைத் திருகினார். சந்து அவருக்கு அளவெடுத்துக் கட்டியது போல இருந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்து, சுவர்கள் இரண்டும் ஒரு முழம் விலகியிருக்கும் என்று தோன்றிய நேரத்தில், உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம்.

"வந்துடுச்சு!" என்று கத்தினார்.

சத்தம் அடுப்படி வரைக்கும் போய், அங்கே யாரும் இல்லாததால் திரும்பி வந்தது. அவர் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார், ஃபோர்க்கை நெஞ்சில் வைத்துக்கொண்டு. சுவருக்கு அந்தப் பக்கம் மிசாயேலின் விசில் நின்று, அவர் பெண்டாட்டி ரோசல்பா அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் கேட்டது.

இரண்டாவது ஃபோர்க்கையும் அதே சந்தில் படுத்துக் கழற்றினார். மேலே பூட்டியிருந்த கம்பி வளையத்தை நெம்பி எடுத்து, பழைய சீலைக் கிளப்பியபோது அது கருவாட்டுத் துண்டு மாதிரி உடைந்து வந்தது. புது சீல்கள் தயாராக இருந்தன. ஆனால் உள்குழாயைத் துடைத்துப் பார்த்தார். பளபளக்க வேண்டிய குரோமில் துருப் பிடித்து அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தது. இந்தக் குழிகளில் உரசினால் புது சீலின் உதடு ஒரே வாரத்தில் கிழிந்துவிடும். இந்த வண்டிக்கு இனிமேல் புதுக் குழாய் கிடைக்காது. அதற்கும் எங்கள் ஊரில் வைத்தியம் உண்டு: குழியில் நெயில் பாலிஷ் வைத்து நிரப்பி, காயவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். போன தடவை தெயானிராவின் பாட்டில் இருந்தது. அவளுடைய அலமாரியைத் திறந்து பார்த்தார். ஒரு கொண்டை ஊசியும் அந்துருண்டை வாசனையும்தான் இருந்தன.

ஆகவே தோன்யா லுஸ் தாரியின் ஃபேன்சி கடைக்குப் போனார். எங்கள் ஊரில் மரியாதைக்குப் பெண்ணைத் தோன்யா என்றும் ஆணைத் தோன் என்றும் கூப்பிடுவோம். அவர் போன நேரம், கடையில் இரண்டு பெண்கள் நூல்கண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருக்குப் பின்னாலேயே மிசாயேல், பேரனுக்குப் பிறந்தநாள் மெழுகுவர்த்தி வாங்க வந்து நின்றார்.

"நெயில் பாலிஷ் இருக்கா, தோன்யா?"

நூல்கண்டுகள் அசைவதை நிறுத்தின. லுஸ் தாரி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"யாருக்கு, தோன் எவேலியோ?"

வண்டிக்கு என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பின்னால் மிசாயேலின் மூச்சு கழுத்தில் பட்டது. கெழட்டு நாய்க்கு நகப்பூச்சா என்று நாளைக்கு ஊரே கேட்கும். வாயை மூடிக்கொண்டு, "வேணும்" என்று மட்டும் சொன்னார்.

"என்ன கலரு?"

"எதா இருந்தாலும் சரி. கெட்டியா காயணும். எண்ணெயில முங்கினாலும் கரையக் கூடாது."

"ஓ... நல்லா சமைப்பாங்கன்னு சொல்லுங்க."

"தேய்ச்சா உரியக் கூடாது."

"துணியும் அவங்களே தொவைக்கிறாங்களா! பாவம்."

"யாரோ இருக்காங்கன்னு நான் சொன்னேனா?"

"சொல்லலையே. நீங்க சொல்லலைங்கறதத்தான் நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருக்கோம்." லுஸ் தாரி கடையிலேயே அடர்த்தியான சிவப்பை எடுத்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தார். "இத போடச் சொல்லுங்க. இதப் போட்ட பொண்ணு எவளும் திருவிழாவுல தனியா நின்னதில்ல."

மிசாயேலுக்குப் பேச்சே வரவில்லை. ஜீப் வாங்கிய நாளிலிருந்து அப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை.

எவேலியோ வீடு வந்து சேர்வதற்குள் செய்தி அவருக்கு முன்னால் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. ரொட்டிக் கடையில் அவள் லிபானோ ஊர் விதவை. மருந்துக் கடையில் அவள் இபாகேயில் வேலை பார்க்கும் நர்ஸ். சலூனுக்குப் போவதற்குள் அவள் சர்க்கஸில் கயிற்றில் நடந்தவள் ஆகி, காலில்கூடச் சிவப்புச் சாயம் பூசியிருந்தாள். அன்று சாயங்காலம் எவேலியோ உப்புத்தாள் வாங்கத் தெருவில் இறங்கினார். இரண்டு வருடமாக ஒரு தலையாட்டலோடு கடந்து போனவர்களெல்லாம் நின்றார்கள்.

"என்ன தோன் எவேலியோ, மொகம் பளபளங்குது!"

"உள்ள வாங்க, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க. அவங்களுக்குப் பால் காப்பி புடிக்குமா, கருங்காப்பியா?"

எதற்கும் அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காப்பியை மட்டும் குடித்தார். அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டதற்கு இத்தனை காப்பிதான் காரணம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் குழிகளில் சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தபோது பாஸ்தோவிலிருந்து போன் வந்தது. மலைகளைத் தாண்டிச் செய்தி லாரியைவிட வேகமாகப் போயிருந்தது.

"அண்ணே! யாரு அவ?"

"எவ?"

"நடிக்காதீங்க. லுஸ் தாரி எல்லாஞ் சொல்லிட்டா. செவப்பு பாலிஷு!"

அவளிடம் மட்டும் பொய் சொல்ல முடியாது என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. "அடி பைத்தியக்காரி. ஃபோர்க்குக் கொழாயில குழிடி. போன தடவ ஒன்னோட பாட்டில்ல இருந்து போட்டோம்ல, மறந்துட்டியா?"

மறுமுனையில் அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரே ஏமாந்ததை நினைத்து இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தார்கள். பிறகு அவளுடைய சிரிப்பு மெதுவாக அடங்கியது.

"அண்ணே, அப்ப போல்ட்ட எப்படிக் கழட்டினீங்க?"

"எப்பவும் போலத்தான். துடைப்பக் கம்பு."

"கம்ப யாரு புடிச்சா?"

போன் கம்பியில் காற்று மட்டும் ஓடியது. அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "ஒங்கள ஒண்டியா வுட்டுட்டு வந்துட்டேன்ல" என்று குரல் உடைய ஆரம்பித்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"அவதான் புடிச்சா" என்றார் எவேலியோ.

"யாரு?"

"அவதான். பேரெல்லாம் இப்ப கேக்காத."

பாஸ்தோவில் எழுந்த கூச்சலில் அங்கேயிருக்கும் எரிமலை ஒரு தடவை புரண்டு படுத்திருக்கும். "கம்ப நல்லா புடிச்சாளா? கெட்டியா? அப்ப நல்லவதான்! அண்ணே, இப்பத்தான் எனக்குத் தொண்டையில சோறு எறங்கும். திருவிழாவுக்குப் பின்னாடி ஒக்காந்து வருவாதானே?"

"பாக்கலாம்" என்றார்.

அந்த 'பாக்கலாம்' லுஸ் தாரிக்குப் போய், லுஸ் தாரியிடமிருந்து கோவில் வரைக்கும் போய், கோவிலில் 'வருகிறாள்' என்று ஆகிவிட்டது. பெண்ணின் சொந்த நாத்தனாரே சாட்சி சொல்லிவிட்ட பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

எவேலியோ வேலையை முடித்தார். பாலிஷைத் தேய்த்துத் தேய்த்து விரலால் தடவினாலும் தெரியாத அளவுக்கு வழுவழுப்பாக்கினார். சீலின் உதடு குழாய் விளிம்பில் பட்டுக் கிழியாமல் இருக்கக் குழாய் நுனியில் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, எண்ணெய் தடவி இறக்கி, பழைய சீலின் உடைந்த துண்டை மேலே வைத்து, குழாய்த் துண்டால் சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டி உட்கார வைத்தார். இரண்டிலும் ஒரே அளவு எண்ணெய் ஊற்றினார். அடிபோல்ட்டை இறுக்கத் திரும்பவும் சந்தில் படுக்க வேண்டியிருந்தது. இந்தத் தடவை படுத்துக்கொண்டே, "கெட்டியா புடி" என்று வாய்விட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு வெட்கமாகிவிட்டது.

பிறகு வண்டியை மேட்டுச் சாலைக்கு எடுத்துப் போனார். என்ன ஓட்டம் அது! பள்ளங்கள் எல்லாம் தலையணையாக மாறியிருந்தன. சந்தை மேட்டில் பல் வாயிலேயே இருந்தது. மலை உச்சியில் நிறுத்தி இறங்கி, பள்ளத்தாக்கில் மேகம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கிளம்பும்போது பழக்கத்தில் கீழே குனிந்து பார்த்தார். மண் காய்ந்து கிடந்தது. ஒரு பொட்டு இல்லை. அவர் அங்கே நின்றார் என்பதற்கு அடையாளம் ஒன்றுமே இல்லை.

திருவிழாக் காலையில் சோள மூட்டையைத் தூக்கி வந்து பின்சீட்டின் மேல் வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். ஊர் முழுக்க அவளைப் பார்க்கக் காத்திருக்கும்போது இதைக் கட்டிக்கொண்டு போனால், சாகும்வரைக்கும் அவர் பெயர் சோளம். போகாமல் இருந்துவிடலாம். கைக்குட்டையும் இருக்கிறது. சுவருக்கு மேலே முதல் பலூன் ஏறியது. அவர் மூட்டையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு, வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

கோவில் முற்றத்தில் அவர் நுழைந்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், ஹாரன்கள் நின்றன. லாரிகளும் நின்றன. டிரம்பெட் வாசிக்கிறவன் கன்னத்தில் ஊதிய காற்றை எங்கே விடுவது என்று தெரியாமல் விழித்தான். எல்லாக் கண்ணும் அவருடைய முதுகுக்குப் பின்னால் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தன. வெயிலில் பளபளத்த குழாய்களில் சிவப்புப் பொட்டுகள் வரிசையாக இருந்தன.

"அவ வச்ச பொட்டு" என்று யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். "பிரியமா வச்சிருக்கா, பாரு."

பாதிரியார் தீர்த்த வாளியோடு வந்தார். வண்டியைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார்.

"எவேலியோ, ஆளு எங்க?"

"வரல, சாமி."

"பின்னால வருவாங்களா?"

"இல்ல சாமி" என்றார் எவேலியோ. "யாரும் வரமாட்டாங்க."

வெறும் உண்மைதான் அது. ஆனால் சொல்லும்போது குரல் பாதியில் காணாமல் போனது. அவரே எதிர்பார்க்கவில்லை. அதுவரைக்கும் அந்த வாக்கியத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடம்கூட. பாதிரியார் அவருக்கு ஒரு தெளிப்பு தெளித்தார். காலி சீட்டுக்கு மட்டும் வாளியில் பாதியை ஊற்றினார்.

சாயங்காலம் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. ரோசல்பா கோழி சான்கோச்சோ சூப்பு நிறைந்த பெரிய பாத்திரத்தோடு நின்றார். பின்னால் மிசாயேல், சட்டைக்குள் சாராய பாட்டில். அதற்குப் பின்னால் லுஸ் தாரி, ஒரு தட்டில் சோளமாவை இலையில் கட்டி வேகவைத்த தமால்களோடு. பிறகு ரொட்டிக் கடைக்காரர், மருந்துக் கடைக்காரி. செத்தவீட்டுக்குக்கூட எங்கள் ஊரில் இவ்வளவு சோறு வராது. நாற்காலி போதாமல் பியர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"எல்லாம் என் தப்பு" என்று லுஸ் தாரி மூக்கைச் சிந்தினார். "அந்தச் செவப்பு ரொம்ப அடர்த்தி. கொஞ்சம் வெளுத்த கலராக் குடுத்திருந்தா நின்னிருப்பாளோ என்னவோ."

"கேளுங்க தோன்யா" என்றார் எவேலியோ. "ஒங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். அப்படி ஒரு பொம்பளையே இல்ல."

மிசாயேல் எழுந்து வந்து அவர் தோளில் கனமாகக் கை வைத்தார்.

"அப்படித்தான்யா. அப்படித்தான் நெனைக்கணும். இருந்தாளேன்னு நெனைச்சா தாங்காது."

"இல்ல மிசாயேல், நான் நெசமாத்தான்..."

"நெசமாவே இல்லன்னு வச்சுக்க. நாங்களும் அப்படியே வச்சுக்கறோம். இனிமே இந்த ஊர்ல அவ பேச்ச எவன் எடுத்தாலும் எங்கிட்ட வரச் சொல்லு." அவர் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கு ரொட்டிக் கடையில, ஒனக்கு யாரு இருக்கான்னு கேட்டேன்ல. கேட்டிருக்கக் கூடாதுய்யா."

உண்மையைச் சொல்லியாகிவிட்டது, அதை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. எவேலியோவுக்குக் கண்ணீர் வந்தது. இல்லாத ஒருத்திக்காக எதற்கு அழுகிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை. ஆனால் நின்றபாடில்லை. ரோசல்பா தட்டில் சூப்பை ஊற்றி அவர் கையில் கொடுத்து, "சாப்பிடுங்க, ஆறிடும்" என்றார். எல்லாரும் சாப்பிட்டார்கள். இரண்டாவது சுற்று சாராயத்துக்குப் பிறகு மிசாயேல் தன் சித்தப்பாவின் பன்றிக் கதையைச் சொன்னார். அதில் பன்றி இப்போது பாதிரியாருக்குச் சிலுவை போட்டது. எவேலியோ அழுதுகொண்டே சிரித்தார்.

அவர்கள் போன பிறகு வீடு முன்பைவிடப் பெரிதாகிவிட்டது. மேஜை நிறைய மற்றவர்களின் பாத்திரங்கள். அவற்றைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றும் ஒரு வீடு. எல்லாவற்றையும் நாளைக்கே ஒரே நடையாகக் கொடுத்துவிடலாம். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு ரோசல்பாவின் பாத்திரத்தை மட்டும் வெளியே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் எடுத்து அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் காலை அந்தப் பாத்திரத்தோடு பக்கத்து வீட்டுக்குப் போனார். உள்ளே வரச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். ஜீப்பின் கிளட்ச் பற்றி மிசாயேல் மத்தியானம்வரை புலம்பினார். எவேலியோ கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாவது காப்பியும் வந்தது. விடைபெற்றுக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பாத்திரம் அவர் அக்குளிலேயே இருந்தது. வாசல்படியில் நின்றிருந்த ரோசல்பா அதைப் பார்த்தார்.

"நாளைக்கு வரேன்" என்றார் எவேலியோ.

"வாங்க" என்று சொல்லிவிட்டு, ரோசல்பா உள்ளே போய் அடுப்பைப் பார்த்தார்.